உம்மம்மாவின் கிதாபை வாசித்துத் தர யாராவது இருக்கிறீர்களா?

மருதானைப் பேத்தி எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். மற்ற எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் வீட்டில் ஒரு பழைய கிதாபு இருக்கிறது. என் உம்மம்மாவுடையது, உம்மாவின் தாயாருடையது. கல்லச்சில் அடித்தது. முன்னும் பின்னும் தாள்கள் போய்விட்டதால் பெயரும் தெரியவில்லை, அடித்த ஊரும் தெரியவில்லை. எழுத்து அரபு, மொழி தமிழ். அரபுத்தமிழ் என்பார்களே, அதுதான். எனக்குக் குர்ஆன் ஓதத் தெரியும். தமிழ் எழுதப் படிக்கவும் தெரியும். இரண்டும் தெரிந்த என்னால் இதில் ஒரு வரியைக்கூடத் தடக்கமில்லாமல் வாசிக்க முடியவில்லை. ஓதும்போது காணாத புள்ளிகளெல்லாம் எழுத்துக்குக் கீழே கிடக்கின்றன.

மஃரிபுக்குப் பிறகு உம்மம்மா பாயில் உட்கார்ந்து இதை ராகமாக வாசிப்பார். ஒழுங்கையில் இருந்த பெண்கள் நாலைந்து பேர் வந்துவிடுவார்கள். ஒருத்தி கைப்பிள்ளையோடு வருவாள், இன்னொருத்தி சுளகில் அரிசியைக் கொண்டுவந்து கல் பொறுக்கிக்கொண்டே கேட்பாள். நான் மடியில் படுத்துத் தூங்கிவிடுவேன். அதே உம்மம்மா, புறக்கோட்டைக்குப் போகும்போது பஸ் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம் கேட்பார். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. எனக்குப் பத்து வயதாக இருக்கையில் பாடசாலையில் ஒரு படிவம் தந்தார்கள். வீட்டில் உள்ளவர்கள் பற்றிய பகுதியில், உம்மம்மாவின் பெயருக்கு நேரே ‘எழுத வாசிக்கத் தெரியாது’ என்று நான்தான் எழுதினேன். முந்நூறு பக்கக் கிதாபைப் பாதி பார்த்தும் பாதி பார்க்காமலும் வாசிக்கிற ஒருவரைப் பற்றி அப்படி எழுதிவிட்டேன். அது இன்றுவரை என் நெஞ்சில் கிடக்கிறது.

இப்போது ஏன் கேட்கிறேன் என்றால், கிதாபு அழிந்துகொண்டு போகிறது. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடித்த பிறகு வந்த வாரங்களில், அரபு எழுத்துள்ள எதையும் வீட்டில் வைத்திருக்கவே பயமாக இருந்தது. ‘இது தமிழ்தான், பேறுகாலப் பாட்டும் நபிமார் கதையும்தான்’ என்று வாசலில் வந்து நிற்பவருக்கு எந்த மொழியில் விளங்கப்படுத்துவது? உம்மா அதைப் பழைய சேலையில் சுற்றி, அரிசி டின்னுக்குள் போட்டு, குசினி மேல்தட்டில் வைத்துவிட்டார். அங்கே கூரை ஒழுகும். போன மாதம்தான் இறக்கினோம். ஓரமெல்லாம் பூச்சி அரித்திருக்கிறது, சில தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன.

உம்மம்மாவின் வாசிப்பு எப்போது நின்றது என்று உம்மாவிடம் கேட்டேன். ஒரே நாளில் நிற்கவில்லை என்றார். 1977இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டார்கள். வெளிநாட்டுச் சாமான் உள்ளே வந்தது, நம் பெண்கள் வளைகுடாவுக்குப் போகத் தொடங்கினார்கள். எங்கள் சாச்சி, உம்மாவின் தங்கை, 1984இல் ரியாத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். திரும்பி வரும்போது டாங் டின், கறுப்பு அபாயா, கெஸட் ரேடியோ எல்லாம் கொண்டுவந்தார். கெஸட்டில் பயான், மார்க்கச் சொற்பொழிவு, போட்டுக் கேட்பார். ‘அங்கே யாரும் இப்படிப் பாட்டாக வாசிப்பதில்லையே உம்மா’ என்று ஒருநாள் மெதுவாகச் சொன்னாராம். உம்மம்மா சண்டைக்குப் போகவில்லை. சத்தத்தை மட்டும் குறைத்துக்கொண்டார். அப்புறம் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு டிவி வந்தது. பெண்கள் வருவது நின்றது. 2003இல் மௌத்தாகும்வரை தனியாக, உதடு மட்டும் அசைய வாசித்துக்கொண்டிருந்தார்.

சாச்சியை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் ஊரான் பிள்ளையைத் தூக்கி வளர்த்த காசில் சாப்பிட்டவள் நான். அபாயாவும் நான் விரும்பித்தான் போடுகிறேன்.

என் நானா, மூத்த சகோதரர், டோஹாவில் இருக்கிறார். அவருடைய பிள்ளைகள் ஆங்கிலம் பேசுகிறார்கள், கொஞ்சம் அரபு, கடைக்காரரிடம் கொஞ்சம் ஹிந்தி. உம்மாவோடு வீடியோவில் பேசும்போது கையை ஆட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். ‘உலகம் ஒன்றாகிறது, இதில் அழ என்ன இருக்கிறது, அல்லாஹ்வுக்கு எல்லா மொழியும் விளங்கும்’ என்கிறார் நானா. அவர் சொல்வது சரிதான். ஆனால் உம்மாவுக்கு எல்லா மொழியும் விளங்காதே.

ஒன்று மட்டும் எனக்கு விளங்குகிறது. இந்தக் கிதாபே கப்பலில் வந்த பொருள்தான். காயல்பட்டினம், கீழக்கரை, பேருவளை, காலி, யெமன் என்று போய் வந்தவர்கள் இல்லாவிட்டால் இப்படி ஓர் எழுத்தே பிறந்திருக்காது. அன்றைக்கும் வெளியிலிருந்துதான் வந்தது. வந்தது நம் பெண்களின் வாயில் தமிழானது. இன்று வருவது வந்தபடியே இருக்கிறது, நாம்தான் அதற்கு ஏற்றபடி மாறுகிறோம்.

உங்கள் வீடுகளில் எப்படி? எது போனது, எது நின்றது? இதை வாசிக்கத் தெரிந்த யாராவது கொழும்பில் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். ஒரு பக்கத்தின் படத்தைக் கீழே போட்டிருக்கிறேன். ஓரத்தில் பென்சிலால் எழுதியிருப்பது உம்மம்மாவின் கையெழுத்து.

*

கொம்பனித்தெரு மலாய்க்காரன் எழுதியது:

வ அலைக்கும் ஸலாம், மகள். நான் மலாய். கொம்பனித்தெருவில் பிறந்து வளர்ந்தவன். பள்ளிவாசலிலும் பக்கத்து வீட்டிலும் தமிழ் கேட்டே வளர்ந்ததால் இங்கே எழுத முடிகிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கும் இப்படி ஓர் எழுத்து இருந்தது. அரபு எழுத்தில் மலாய். குண்டுல் என்போம். குண்டுல் என்றால் மொட்டை. உயிர்க்குறிகள் இல்லாமல் எழுதுவதால் அந்தப் பெயர். ஒல்லாந்தர் காலத்தில் ஜாவாவிலிருந்தும் சுற்றியுள்ள தீவுகளிலிருந்தும் நாடு கடத்தப்பட்டவர்களாகவும் படைவீரர்களாகவும் வந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். 1869இல் இதே கொழும்பில் பாபா யூனுஸ் சல்தீன் என்பவர் ‘அலாமத் லங்காபுரி’ என்று மலாய் மொழியில் ஒரு செய்தித்தாள் நடத்தினார், குண்டுல் எழுத்தில். அந்தக் காலத்தில் இங்கிருந்து மலாய் உலகத்துக்கு எழுதிக் கொடுக்கிற அளவுக்குத் தெம்பு இருந்தது. 1873இல், எங்கள் ஆட்கள் சேவைசெய்த சிலோன் ரைபிள் ரெஜிமென்ட் என்ற படைப்பிரிவைக் கலைத்தபோது எங்கள் ஆட்களின் பிழைப்பும் ஒன்றாக இருந்த வாழ்க்கையும் சிதறின.

நீங்கள் வளைகுடாவைச் சொன்னீர்கள். எங்களுக்கு வந்தது மலேசியா. கேட்டால் விசித்திரமாக இருக்கும். சொந்தக்காரன் வந்தால் சந்தோஷம்தானே? எங்கள் வீட்டு மலாய் இந்த மண்ணில் தமிழோடும் சிங்களத்தோடும் புழங்கிப் புழங்கி அவற்றின் நடைக்கு வந்துவிட்டது. ‘கொழும்புக்கு’ என்று தமிழில் ‘க்கு’ பின்னால் வருகிறது அல்லவா? நாங்களும் ‘கொளும்பு-நங்’ என்று பின்னால்தான் போடுவோம். மலேசியாவில் ‘கெ கொளும்பு’, முன்னால் வரும். வினைச்சொல்லும் உங்களைப் போலவே எங்களுக்குக் கடைசியில்தான். இப்போது என் பேரன் போனில் மலேசிய வீடியோ பார்த்துக்கொண்டே, ‘நீங்கள் பேசுவது பிழையான மலாய்’ என்று என் மனைவியைத் திருத்துகிறான். அவள் அவனோடு ஆங்கிலத்தில் பேசத் தொடங்கிவிட்டாள். அறுபது வருடம் பேசிய மொழி பிழை என்று கேட்ட பிறகு அதைப் பேச யாருக்கு வாய் வரும்?

அந்நிய மொழி வந்து அடிப்பதைவிட, பெரிய வீட்டுச் சொந்த மொழி வந்து திருத்துவதுதான் எங்களுக்கு வலித்தது.

ஒரு நல்ல செய்தியும் சொல்ல வேண்டும். இலங்கை மலாய்க் குடும்பங்களில் இருந்த கையெழுத்துப் பிரதிகளைப் படம் எடுத்து, பிரித்தானிய நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் மூலம் இணையத்தில் போட்டிருக்கிறார்கள். அவற்றில் மலாயோடு சேர்ந்து அரபுத்தமிழ்ப் பகுதிகளும் இருக்கின்றன. என் பாட்டனாரும் உங்கள் உம்மம்மாவும் ஒரே தாளில் எழுதியிருக்கலாம், மகள். முதலில் உங்கள் கிதாபைப் படம் எடுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில், நேர் மேலிருந்து, தாள் தாளாக. வெயிலில் காயவைக்காதீர்கள். செலோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். ஒட்டிக்கொண்ட தாள்களை வீட்டில் பிரிக்க வேண்டாம்.

*

கொட்டாஞ்சேனை எழுதியது:

சுருக்கமாக ஒன்று. நான் கத்தோலிக்கன். என் தாத்தா காலத்தில் கோவிலில் பூசை லத்தீனில். தாத்தாவுக்கு ஒரு சொல்லும் விளங்காது, ஆனால் முழுவதும் மனப்பாடம். 1960களில் உரோமாபுரியில் கூடிய சங்கத்தின் தீர்மானத்துக்குப் பிறகுதான் பூசை தமிழில் வந்தது. ஆக, உலகம் முழுவதற்கும் சேர்த்து எங்கேயோ எடுத்த ஒரு முடிவுதான் எங்கள் பீடத்துக்குத் தமிழைக் கொண்டுவந்தது. வெளியிலிருந்து வருவது எல்லாம் நம்முடையதைத் தின்னும் என்று சொல்ல எனக்கு மனம் வராது. இப்போது என் மகள் ஆங்கிலப் பூசைக்குத்தான் போகிறாள். அதற்கு உரோமாபுரி காரணமில்லை. அவளைச் சர்வதேசப் பாடசாலையில் சேர்த்தது நான்.

கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் செவ்வாய்க்கிழமை போய்ப் பாருங்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம் பெண்கள் எல்லோரும் மெழுகுதிரி கொளுத்துவார்கள். 2019இல் அங்கே நடந்ததற்குப் பிறகும் கொளுத்துகிறார்கள்.

*

கிராண்ட்பாஸ் மௌலவி எழுதியது:

வ அலைக்கும் ஸலாம், சகோதரி.

நான் வாசிப்பேன். எனக்கு முதலில் ஓதித் தந்த ஆலிம்சா அரபுத்தமிழ்க் கிதாபு வைத்துத்தான் தொழுகைச் சட்டம் சொல்லித் தந்தார். நீங்கள் தடக்குவதற்குக் காரணம் இருக்கிறது. ப, ட, ழ, ள போன்ற ஓசைகள் அரபியில் இல்லை. ஆகவே இருக்கிற எழுத்துக்கே புள்ளி கூட்டினார்கள். ‘ஃபே’யின் கீழே புள்ளி வந்தால் ‘ப’, ‘தால்’ கீழே புள்ளி வந்தால் ‘ட’. அரபியில் எகரமும் ஒகரமும் இல்லாததால் அவற்றுக்கும் தனிக்குறி உண்டு. அதைக் குர்ஆன் ஓதுகிற பழக்கத்தில் வாசித்தால் நாக்கு சிக்கிக்கொள்ளும். ஒரு வாரம் பழகினால் வந்துவிடும்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். பழைய கிதாபுகளில் இருக்கிற சில பாட்டுகள், சில நேர்ச்சை வழக்கங்கள் பற்றி எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. உங்கள் சாச்சி கேட்ட கேள்வியை நானும் என் வீட்டில் கேட்டவன். ஆனால் ஒரு வழக்கத்தை விடுவது வேறு, ஓர் எழுத்தையே மறப்பது வேறு. நாங்கள் இரண்டையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிட்டோம். என் உம்மாவின் கிதாபை நானே ஒரு பழைய சாமான் வாங்குபவரிடம் எடைக்குக் கொடுத்தேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. இப்போது கேட்டால் கிடைக்குமா?

வளைகுடாவை மட்டும் காரணமாக்க வேண்டாம். அதற்கு முன்பே இந்த எழுத்து தளர்ந்துவிட்டது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. பிள்ளைகள் பாடசாலைக்குப் போனார்கள், தமிழ் எழுத்துப் படித்தார்கள். தமிழ் எழுத்தில் அச்சுப் புத்தகம் மலிவாகக் கிடைத்தது. அதன் பிறகு அதே தமிழை அரபு எழுத்தில் வாசிக்க யாருக்குத் தேவை? ஆண்கள் முதலில் விட்டார்கள். பாடசாலைக்கு அனுப்பப்படாத பெண்களிடம்தான் அது நின்றது. ஆகவே கடைசியில் அதைக் காப்பாற்றியவர்கள் ‘எழுத வாசிக்கத் தெரியாது’ என்று படிவத்தில் போடப்பட்ட உங்கள் உம்மம்மா போன்றவர்கள். நீங்கள் அதை நினைத்து வருந்துவது சரியே. ஆனால் அன்றைக்கு எல்லாப் படிவங்களிலும் அப்படித்தான் எழுதப்பட்டது.

இன்னொரு விஷயம். கொழும்பில் நம் பிள்ளைகள் நிறையப் பேர் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் படிக்கிறார்கள். சில பள்ளிவாசல்களில் ஜும்ஆ பயானும் அந்த மொழிகளில் நடக்கிறது. கேட்பவருக்கு விளங்க வேண்டும், அதனால் அது தேவை என்றே நினைக்கிறேன். ஆனால் தமிழ்ப் பயானுக்கு முன்வரிசையில் இருப்பவர்களின் தாடி வருடா வருடம் நரைத்துக்கொண்டு வருவதையும் பார்க்கிறேன்.

ஓரத்தில் பென்சிலால் எழுதியிருப்பது படத்தில் மங்கலாக இருக்கிறது. முதல் சொல் மட்டும் தெரிகிறது: ‘கஞ்சி’. கிதாபை நேரில் பார்த்தால் மிச்சத்தையும் சொல்வேன். உங்கள் வீட்டார் அனுமதித்தால் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு வருகிறேன்.

*

வெள்ளவத்தை டீச்சர் எழுதியது:

மகள், நான் ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியை. ஊர் யாழ்ப்பாணம், நாற்பது வருடமாக வெள்ளவத்தை. மௌலவி வாசிக்க வாசிக்க நான் தமிழ் எழுத்தில் எழுதித் தருகிறேன். எத்தனை பக்கமானாலும் சரி. எழுதி முடித்தால் ஒரு பிரதியை 57ஆம் ஒழுங்கைத் தமிழ்ச் சங்க நூலகத்தில் கொடுக்கலாம். நூலகம் நிறுவனத்தார் 2005 முதல் நம் புத்தகங்களை இணையத்தில் சேர்த்து வருகிறார்கள், அவர்களிடமும் கேட்கலாம்.

கொம்பனித்தெரு ஐயா சொன்னதை வாசித்துவிட்டு வெகு நேரம் யோசித்தேன். எங்களுக்கும் அதே கதைதான். வார இறுதியில் என்னிடம் வரும் பிள்ளைகள் ‘கதைக்கிறேன்’ என்று சொல்வதில்லை, ‘பேசுறேன்’ என்கிறார்கள். ‘சொல்லுங்கோ’ போய் ‘சொல்லுங்க’ வந்துவிட்டது. இந்தியத் தொடர்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். அதுவும் தமிழ்தான், நல்ல தமிழ்தான். ஆனால் பேத்தி ‘அம்மம்மா, நீங்க ஏன் ஒரு மாதிரிப் பேசுறீங்க?’ என்று கேட்டபோது எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அதே நேரம் என் மகனின் பிள்ளைகள் ஸ்காபரோவில் இருக்கிறார்கள். கனடாவில் ஜனவரி மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாக 2016இல் பாராளுமன்றமே ஏற்றுக்கொண்டது. அந்தப் பிள்ளை மேடையில் ஆத்திசூடி சொல்கிறது. சூமில் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். இங்கே என் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிற பிள்ளைகளுக்கு ஆத்திசூடி தெரியாது. இந்த இணையம் இல்லாவிட்டால் அங்கே இருப்பதும் இருக்காது. ஆகவே நான் அதைத் திட்டமாட்டேன். அது வேலை செய்ய, இந்தப் பக்கம் சொல்லிக் கொடுக்க ஓர் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சனிக்கிழமை நானும் வரலாமா? நான் சைவம், பிளேன்டீ மட்டும் போதும்.

*

மருதானைப் பேத்தி எழுதியது:

எல்லோருக்கும் ஜஸாக்கல்லாஹ் ஹைர். மிக்க நன்றி. சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன்.

மௌலவியும் டீச்சரும் வந்தார்கள். முன் அறையில் உம்மம்மாவின் பாயையே விரித்தோம். மௌலவி மெதுவாக, எழுத்துக்கூட்டி வாசித்தார். டீச்சர் எழுதினார். ‘இது என்ன அருமையான தமிழ்’ என்று இரண்டு தடவை பேனாவை வைத்துவிட்டார். மூன்றாவது பக்கத்தில் பாட்டுத் தொடங்கியது. அந்த இடத்தில் பாதித் தாள் அரித்துப் போயிருந்தது. மௌலவி நிறுத்தினார். குசினி வாசலில் நின்றுகொண்டிருந்த உம்மா, எழுபத்தொரு வயது, தனக்கு ஒன்றுமே நினைவில்லை என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவர், அந்த ராகத்தைப் பிடித்து மிச்சத்தைச் சொல்லத் தொடங்கினார். பதினொரு அடி. கையில் கரண்டி. மௌலவி தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். டீச்சர் எழுதிக்கொண்டே இருந்தார்.

டோஹாவுக்கு அதைப் பதிவுசெய்து அனுப்பினேன். நானா நெடுநேரம் பதில் போடவில்லை. ராத்திரி ஒரு கேள்வி மட்டும் வந்தது: ‘இன்னும் இருக்கிறதா?’

ஓரத்தில் இருந்த பென்சில் எழுத்தையும் மௌலவி வாசித்துவிட்டார். நான் ஏதோ துஆ என்று நினைத்திருந்தேன். நோன்புக் கஞ்சிக் கணக்கு. அந்த ஒழுங்கையில் யார் யாருக்குக் கஞ்சி போனது என்று உம்மம்மா குறித்து வைத்திருக்கிறார். ரெயில்வே கார்ட் வீடு, ஒரு சட்டி. சிங்கள டீச்சர் வீடு, ஒரு சட்டி. செட்டியார் வீடு, இறைச்சி போடாதது, ஒரு சட்டி. பறங்கி நோனா வீடு, பெரிய சட்டி. அந்தக் கடைசி வரிக்கு மட்டும் கீழே இன்னும் இரண்டு சொற்கள்: ‘சட்டி வரவில்லை’.

அந்த நோனாவின் குடும்பம் அந்த வருடமே வீட்டை விற்றுவிட்டு மெல்பேர்னுக்குக் கப்பலேறிவிட்டது என்று உம்மா சொன்னார். துறைமுகம்வரை உம்மம்மாவும் போய் நின்றாராம்.